அனுமதியும் பொறுப்பும்: டயாலிசிஸ் நோயாளியின் கழுத்துக் குழாய்

டயாலிசிஸ் இயந்திரம் நிமிடத்துக்கு 250 முதல் 350 மில்லிலிட்டர் வரை ரத்தத்தை உடலிலிருந்து இழுத்து, சுத்தம் செய்து, திருப்பி அனுப்புகிறது. டிரிப் ஏற்றப் புறங்கையில் ஊசி குத்துவார்களே, அந்தச் சிரை இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. ஆகவே உடலில் தனியாக ஒரு வாசல் வேண்டும். நல்ல வாசல் என்றால் ஃபிஸ்டுலா: கையில் தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைப்பது. 1966இல் நியூயார்க்கில் பிரெஸ்சியா, சிமினோ ஆகியோரின் குழு வெளியிட்ட இந்த முறையில் வெளிப்பொருள் எதுவும் உடலில் தங்குவதில்லை. ஆனால் சிரை தடித்து ஊசி தாங்கும் பக்குவத்துக்கு வர ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகும். அதுவரை காத்திருக்க முடியாதவருக்குக் கழுத்துச் சிரையிலோ தொடைச் சிரையிலோ கதீட்டர் செருகுகிறார்கள். அது அன்றைக்கே பயன்படும். பல பேரின் உயிரை அன்றைக்கே காப்பாற்றியும் விடும்.

கழுத்தில் போட்ட கதீட்டரில் வெளியே தெரிவது இரண்டு வால்கள். ஒன்றின் மூடி சிவப்பு, மற்றதன் மூடி நீலம். சிவப்பு வழியே ரத்தம் இயந்திரத்துக்குப் போகிறது, நீலம் வழியே திரும்புகிறது. இரண்டும் இருப்பது ஒரே சிரைக்குள்தான். ஒவ்வொரு வாலிலும் ஒரு கிளாம்ப். அதனருகே பொடி எழுத்தில் 1.2, 1.3 என்பதுபோல ஓர் எண் அச்சிட்டிருக்கும். டயாலிசிஸ் முடிந்தபின் ரத்தம் உறைந்து அடைக்காமலிருக்க அந்த வாலுக்குள் நிரப்பிவைக்க வேண்டிய ஹெப்பாரின் மருந்தின் அளவு அது, மில்லிலிட்டரில். கூடுதலாக ஏற்றினால் மிச்சம் உடலுக்குள் போய் ரத்தக்கசிவை உண்டாக்கலாம். தோல்மேல் ஒட்டிய டிரெஸ்ஸிங்கின் ஓரத்தில் நர்ஸ் பேனாவால் ஒரு தேதி எழுதியிருப்பார். அது டிரெஸ்ஸிங் மாற்றிய தேதி. கதீட்டர் போட்ட தேதி நோயாளியின் உடம்பில் எங்கும் இருக்காது.

கதீட்டரிலும் இரண்டு வகை உண்டு. தோலைத் துளைத்து நேரே சிரைக்குள் இறங்குவது தற்காலிகக் கதீட்டர். கழுத்தில் என்றால் இரண்டு வாரம். தொடையில் என்றால், அதுவும் படுக்கையில் இருப்பவருக்கு, ஐந்து நாள். அமெரிக்க வழிகாட்டு நெறிகளில் இடம்பெற்று எங்கும் பாடமாகச் சொல்லித்தரப்பட்ட கணக்கு இது. மற்றொன்று, மார்புத் தோலுக்கடியில் சில சென்டிமீட்டர் சுரங்கம்போல ஓடிப் பிறகு கழுத்துச் சிரையில் நுழைவது. ஆஸ்பத்திரி வழக்கில் ‘பெர்ம்கேத்’. அதன் நடுவிலுள்ள துணிப்பட்டையைச் சதை வளர்ந்து பிடித்துக்கொள்வதால் கிருமிக்கு வழி கடினமாகிறது. மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பெயர் செய்யும் தீங்கு சிறியதில்லை. நிரந்தரம் என்று பொருள்படும் சொல் அதிலிருப்பதால், இனி வேறெதுவும் தேவையில்லை என்று நம்பி ஃபிஸ்டுலாவைத் தள்ளிப்போடுபவர்கள் இருக்கிறார்கள்.

ஆபத்துகளுக்கு இரண்டு காலம். செருகும் வேளையில் ஊசி தவறிக் கழுத்துத் தமனியில் பாயலாம், நுரையீரல் உறையில் துளை விழலாம், கம்பி இதயத்தைத் தொட்டுத் துடிப்பு தாறுமாறாகலாம். எல்லாம் அரை மணி நேரத்துக்குள் முடிகிற விவகாரம். அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே செருகுவதும், பிறகு எக்ஸ்ரே எடுத்து முனை எங்கே நிற்கிறது என்று உறுதிசெய்தபின் இயந்திரத்தில் இணைப்பதும் இவற்றைப் பெரிதும் குறைத்துவிட்டன. இரண்டாவது காலம் மெதுவானது, அதனால் கண்ணில் படாதது. குழாயின் உட்சுவரில் கிருமிகள் ஒரு மெல்லிய படலம்போல் குடியேறுகின்றன. அந்தப் படலத்துக்குள் ஆன்டிபயாடிக் எளிதில் எட்டுவதில்லை. நோயாளி வீட்டில் நன்றாக இருப்பார். டயாலிசிஸ் தொடங்கிச் சிறிது நேரத்தில் பற்கள் கிட்டிப்போகும் குளிர்நடுக்கம் வரும்: குழாயில் இருந்த கிருமியை இயந்திரத்தின் ஓட்டம் உடலுக்குள் தள்ளியதன் அறிகுறி. கம்பளி போர்த்தி, ஒரு ஊசி போட்டு, ‘மெஷின் குளிர்’ என்று சமாதானம் சொல்லி வீட்டுக்கு அனுப்புவதுதான் இங்கே நடக்கக்கூடிய பெரிய தவறு. ரத்தத்தைக் கிருமி கண்டறியும் கல்ச்சர் சோதனைக்கு எடுத்துவிட்டு ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். பல நேரங்களில் குழாயையே எடுக்க வேண்டும். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி இதய வால்வையும் முதுகெலும்பையும் பிடித்துக்கொண்டால் பிறகு கதை வேறு.

கிருமியைவிடக் குறைவாகப் பேசப்படும் இழப்பு ஒன்றும் உண்டு. குழாய் உரசிய இடத்தில் மையச் சிரை தழும்பேறிச் சுருங்கும். காரை எலும்பின் கீழுள்ள சப்கிளேவியன் சிரையில் போட்டால் இது அதிகம். அந்தச் சிரை அடைபட்டால் அந்தப் பக்கத்துக் கையில் ஃபிஸ்டுலா போட்டாலும் கை வீங்குமே தவிரப் பயன்படாது. இன்றைய அவசரத்துக்குத் திறந்த வாசல், பத்தாண்டுக்குப் போதுமான வேறொரு வாசலை மூடிவிடுகிறது. இதை நோயாளிக்கு யார், எப்போது சொன்னார் என்பதே இங்கு எழும் கேள்வி.

இன்றைய மருத்துவ அறவியல் என்ற துறை உருவானதற்கும் இப்படியொரு வாசல் ஒரு காரணம் என்பது பலருக்குத் தெரியாது. 1960க்கு முன் ஒவ்வொரு டயாலிசிஸும் ஒரு ரத்தக்குழாயைச் செலவழித்தது. ஆகவே நாள்பட்ட நோயாளிக்கு அது பயன்படவில்லை. அந்த ஆண்டு அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் கையிலேயே நிலையாக நிற்கும் டெஃப்லான் இணைப்பை உருவாக்கினார். அதைப் பெற்ற முதல் நோயாளி பதினொரு ஆண்டுகள் வாழ்ந்தார். உடனே இயந்திரங்களைவிட நோயாளிகள் பெருகினார்கள். யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க ஒரு பாதிரியார், வழக்கறிஞர், வங்கியாளர், தொழிற்சங்கத் தலைவர், இல்லத்தரசி முதலிய எழுவர் குழு அமைந்தது. 1962இல் லைஃப் இதழ் அதைப் பற்றி எழுதியபோது, மனிதர் உயிருக்கு மனிதர் தீர்ப்பெழுதலாமா என்ற விவாதம் எழுந்தது. அன்றைய கேள்வி யாருக்கு வாசல் திறப்பது என்பது. வாசல் எல்லாருக்கும் கிடைக்கத் தொடங்கிய பிறகு எழுந்திருப்பது, திறந்த வாசலுக்குக் காவல் யார் என்ற கேள்வி.

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஸ்ரீபெரும்புதூரில் இந்தக் கேள்விக்கு இரண்டு முகம். இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் என நீளும் சிப்காட் பகுதியில் கார், டயர், மோட்டார் சைக்கிள், போன் ஆகியவற்றின் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. தென் மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பிகார், அசாம், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் அறை எடுத்துத் தங்கி மூன்று ஷிஃப்டில் வேலை செய்கிறார்கள். சிறுநீரகம் சத்தமின்றிக் கெடும் உறுப்பு. பார்க்காமல் விட்ட ரத்த அழுத்தமோ சர்க்கரையோ ஆண்டுக்கணக்கில் அரித்த பிறகு, ஒரு நாள் மூச்சுத்திணறலோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகும்போதுதான் ‘உப்பு ஏறிடுச்சு’ என்ற செய்தி வரும். ‘உப்பு’ என்று மக்கள் சொல்வது பெரும்பாலும் கிரியேட்டினினை. பொட்டாசியம் இதயத்தை நிறுத்தும் அளவில் இருக்கும்போது ஃபிஸ்டுலாவைப் பற்றிப் பேச நேரமில்லை. கழுத்தில் லைன் போடுவார்கள். படிவத்தில் அறைத் தோழரோ அண்ணனோ, சில வேளை லேபர் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசரோ கையெழுத்திடுவார். படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். இந்தியாவில் பெரும்பாலான நோயாளிகளின் டயாலிசிஸ் வாழ்க்கை தற்காலிகக் கதீட்டரில்தான் தொடங்குகிறது.

ஊரின் இன்னொரு முகம் ஆதிகேசவப் பெருமாள் கோயில். மரபுக் கணக்கின்படி 1017இல் ராமானுஜர் பிறந்த ஊர் இது. அனுமதி கொடுத்தவருக்கும் செயலைச் செய்தவருக்கும் இடையே பொறுப்பு எப்படிப் பிரிகிறது என்ற கேள்வியை அவர் நேருக்கு நேர் எடுத்துப் பேசியிருக்கிறார். மருத்துவத்துக்காக இல்லை, கடவுளைப் பற்றி.

பிரம்ம சூத்திரங்களுக்கு அவர் எழுதிய ஸ்ரீபாஷ்யத்தின் இரண்டாம் அத்தியாயம் மூன்றாம் பாதத்தில் பராயத்தாதிகரணம் என்றொரு பகுதி வருகிறது. உயிர் எதைச் செய்தாலும் உள்ளுறையும் இறைவனின் துணையின்றிச் செய்ய முடியாது என்றால், நல்வினை தீவினைக்கு உயிர் எப்படிப் பொறுப்பாகும்? செய், செய்யாதே என்ற கட்டளைகளெல்லாம் பொருளற்றுப் போகாவா? ராமானுஜரின் விடை: முதல் முயற்சி உயிருடையது, அந்த முயற்சியைப் பார்த்து இறைவன் அனுமதி தருகிறான். இதற்கு அவர் காட்டும் உவமை தத்துவ நூலில் எதிர்பார்க்க முடியாத அளவுக்கு உலகியலானது. இருவருக்குப் பொதுவான சொத்து ஒன்று இருக்கிறது. ஒரு பங்காளி அதை மூன்றாமவருக்குக் கொடுக்க வேண்டுமானால் மற்றவரின் சம்மதம் வேண்டும். ஆனால் அந்தச் சம்மதத்தைக் கேட்டு வாங்கியது கொடுப்பவர்தான். ஆகவே அந்தச் செயலின் பலன் அவரையே சேரும்.

பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போய்வந்த எவருக்கும் புரியும் உவமை. இதை ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வைத்துப் பார்ப்பது ராமானுஜர் சொன்னதைத் தாண்டிய செயல்தான். ஆனால் அந்தத் தர்க்கம் தாங்கும். நோயாளியின் கையெழுத்து ஒரு சம்மதம். அதில்லாமல் கதீட்டர் செருக முடியாது. அதைக் கேட்டு வாங்குபவர் மருத்துவர். சம்மதம் கிடைத்துவிட்டதால் செயலின் பலன் சம்மதித்தவர் தலையில் விழுந்துவிடாது. ‘எல்லாம் படித்துப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டீர்கள்’ என்று ஆஸ்பத்திரி அலுவலகங்களில் கேட்கும் வாக்கியம், அனுமதியையும் பொறுப்பையும் ஒன்றாகக் குழப்புகிறது. சட்டமும் இதே கோட்டில் நிற்கிறது. அறிந்த ஆபத்துக்குச் சம்மதிக்கலாம். அலட்சியத்துக்கு யாரும் சம்மதம் கொடுப்பதில்லை, கொடுத்ததாக எழுதி வாங்கினாலும் அது செல்லாது.

உவமை ஓரிடத்தில் முறிகிறது. முறியும் இடமே முக்கியம். ராமானுஜரின் அமைப்பில் அனுமதி தருபவன் எல்லாம் அறிந்தவன். கேட்பவனுக்குத்தான் அறிவு குறைவு. கட்டிலருகே இது தலைகீழ். அனுமதி தர வேண்டியவருக்கு மூச்சு முட்டுகிறது, நச்சு ஏறி மூளை மந்தமாயிருக்கிறது, மொழி வேறு. கேட்பவருக்கு எல்லாம் தெரியும். அனுமதி அனுமதியாக வேண்டுமானால் முதலில் இந்த இடைவெளி குறைய வேண்டும். திருக்கோஷ்டியூரில் குரு நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து கற்ற மந்திரப் பொருளை ராமானுஜர் கோயில் மேலேறி எல்லாருக்கும் அறிவித்தார் என்ற குருபரம்பரைக் கதையை, அறிவைப் பூட்டிவைக்கக் கூடாது என்பதற்குச் சான்றாக மேடைதோறும் சொல்வார்கள். மருத்துவத்துக்கு அந்தக் கதை பாதிதான் பொருந்தும். எல்லாருக்கும் பொதுவாக அறிவிப்பது வேறு. ஒருவருக்கு அவர் மொழியில், அவர் கழுத்து, அவர் கை, அவர் வேலை ஆகியவற்றை வைத்து உட்கார்ந்து சொல்வது வேறு. சுவரில் ஒட்டிய போஸ்டரும் அச்சடித்த படிவமும் முதல் வகை.

இரண்டாவது வகையைத்தான் உச்ச நீதிமன்றம் கேட்கிறது. 2008 ஜனவரி 16 அன்று சமீரா கோலி வழக்கில் வந்த தீர்ப்பு, சிகிச்சையின் தன்மை, நோக்கம், மாற்று வழிகள், கணிசமான ஆபத்துகள், மறுத்தால் ஏற்படும் விளைவு ஆகியவற்றை நோயாளி அறிந்து தரும் சம்மதமே உண்மையான சம்மதம் என்றது. அங்கே நோயாளி மயக்கத்தில் இருந்தபோது அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கி, முதலில் பேசியதைவிடப் பெரிய அறுவையைச் செய்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, தானே முடிவெடுக்கக்கூடிய வயது வந்த ஒருவருக்காக உறவினர் கையெழுத்துப் போட முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. ஒரு சோதனைக்கு வாங்கிய சம்மதத்தை மற்றொரு சிகிச்சைக்கு நீட்ட முடியாது என்றும் சொன்னது.

கதீட்டருக்கு இது எப்படிப் பொருந்துகிறது என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். பொட்டாசியம் ஏறி உயிர் ஊசலாடும் முதல் இரவில் சம்மதமில்லாமலே கதீட்டர் போடலாம். அவசரம் என்ற விதிவிலக்கு அதற்கு இடம் தருகிறது. அண்ணன் கையெழுத்தும் சூப்பர்வைசர் கையெழுத்தும் அந்த இரவுக்குச் சாட்சி மட்டுமே. மூன்றாம் நாள் நோயாளி எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறார். அந்த நிமிடத்தில் விதிவிலக்கு காலாவதியாகிவிடுகிறது. கழுத்தில் இருப்பது என்ன, எத்தனை நாளைக்கு, அடுத்து என்ன வழி என்று அவரிடமே பேச வேண்டிய கடமை அப்போது பிறக்கிறது. நடைமுறையில் அந்தப் பேச்சு நடக்காமல், பதினான்கு நாள் குழாய் இரண்டு மாதம் தங்கிவிடுகிறது. கையெழுத்து ஒரு நாளுக்கானது. ஆபத்து நாள்தோறும் ஏறுகிறது. போட்ட நாளின் சம்மதத்தை அறுபதாம் நாளின் ஆபத்துக்கு நீட்டுவது, சமீரா கோலி தீர்ப்பு மறுத்த அதே நீட்டலின் வேறு வடிவம் என்று வாதிட நல்ல இடமுண்டு.

மாற்று வழிகளைச் சொல்வதும் கடமையின் பகுதி என்பதால், வயிற்றறை வழியே செய்யும் டயாலிசிஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதற்கு ரத்தக்குழாயில் கதீட்டரே வேண்டாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் குறுகிய அறையில் ஆறு பேராகத் தங்கியிருப்பவர் சுத்தமான மூலையைத் தேடி நாளுக்குப் பல முறை பை மாற்றுவது எப்படி? மாற்று வழி என்பது பட்டியலில் இருப்பதாலேயே வழியாகிவிடாது.

ஃபிஸ்டுலாவையும் நோயாளி மறுக்கலாம். கைகள் இரண்டையும் வைத்து அசெம்பிளி லைனில் வேலை செய்பவரிடம், ஃபிஸ்டுலா போட்ட கையில் பாரம் தூக்கக் கூடாது, ஊசி குத்தக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது என்றால் அவர் முதலில் கேட்பது வேலையைப் பற்றித்தான். அந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமில்லை. அமெரிக்காவில் 2003இல் ‘முதலில் ஃபிஸ்டுலா’ என்று இயக்கம் நடந்தது; 2019 வழிகாட்டு நெறி அந்தக் குரலைத் தணித்து, ஒவ்வொரு நோயாளியின் வாழ்க்கைத் திட்டத்துக்கும் ஏற்ற வாசல் என்ற நிலைக்கு வந்தது. இதயம் பலவீனமான முதியவருக்குக் கதீட்டரே சரியான தேர்வாக இருக்கலாம். தெரிந்து மறுப்பவரின் மறுப்பு மதிக்கத்தக்கது. தெரியாமலே குழாயோடு விடப்பட்டவர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.

தொற்று வந்தாலே மருத்துவர் குற்றவாளி என்று சட்டம் கருதுவதில்லை. 1957இல் இங்கிலாந்தில் போலம் வழக்கில் உருவான அளவுகோலை இந்திய நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன: அதே துறையில் சாதாரணத் திறமையுள்ள ஒருவர் செய்திருப்பதை இவர் செய்தாரா? 2005 ஆகஸ்ட் 5 அன்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், குற்றவியல் தண்டனைக்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, கொடிய அலட்சியம் வேண்டும் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, சிகிச்சையின்போது அலட்சியத்தால் மரணம் விளைவிக்கும் பதிவுபெற்ற மருத்துவருக்கு இரண்டு ஆண்டுவரை சிறை என்கிறது. கதீட்டர் வழக்குகள் இயல்பாகவே இழப்பீட்டு வழக்குகளாகத்தான் அமையும். அங்கே நீதிபதி பார்க்கப்போவது குறிப்பேட்டை: எக்ஸ்ரே எடுத்தார்களா, டிரெஸ்ஸிங் எப்போது மாற்றினார்கள், நடுக்கம் வந்த அன்று கல்ச்சர் அனுப்பினார்களா, ஃபிஸ்டுலாவுக்கு அறுவை நிபுணரிடம் அனுப்பிய சீட்டு எங்கே.

சொல்லாமல் விட்டதன் விலையைத் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று காட்டியது. 1996இல் எழும்பூர் அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த குழந்தை ஒன்றுக்கு விழித்திரைச் சோதனை செய்யவில்லை, செய்ய வேண்டும் என்று பெற்றோருக்குச் சொல்லவுமில்லை. குழந்தை பார்வையை இழந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் ரூபாய் கொடுத்தது. 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏறத்தாழ 1.8 கோடியாக உயர்த்தியது. டயாலிசிஸ் வழக்கில்லை என்றாலும் தர்க்கம் ஒன்றே. குழந்தையைப் பிழைக்கவைத்த சிகிச்சையில் குறை காணவில்லை. அந்தச் சிகிச்சையோடு சேர்ந்தே வரும், எல்லாருக்கும் தெரிந்த ஆபத்தைக் குறித்த நாளில் பார்க்கத் தவறியதே குற்றம்.

எங்கே வழக்குத் தொடரலாம் என்பது யார் பணம் கட்டினார் என்பதைப் பொறுத்தது. 1995 நவம்பர் 13இல் வி.பி. சாந்தா வழக்குத் தீர்ப்பு மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. எல்லாருக்கும் எல்லாமே இலவசமாகத் தரும் மருத்துவமனை மட்டும் அதற்கு வெளியே. அங்கே உரிமையியல் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் இருக்கின்றன. முதலாளியோ காப்பீட்டு நிறுவனமோ செலவை ஏற்றாலும் நோயாளி நுகர்வோர்தான் என்று அதே தீர்ப்பு சொன்னது. ஒரகடத்தில் மாதம் 21,000 ரூபாய்க்குள் வாங்கும் தொழிலாளியிடம் ஊதியத்தில் 0.75 சதவீதமும் நிறுவனத்திடம் 3.25 சதவீதமும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சந்தாவாகப் பிடிக்கிறார்கள். அந்த மருத்துவம் தர்மமாகக் கிடைப்பது இல்லை, சந்தா கட்டிப் பெறும் சேவை என்று 2007இல் கிஷோர் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. ஆகவே இ.எஸ்.ஐ. மருத்துவமனையின் குறைபாட்டுக்கும் நுகர்வோர் ஆணையத்தில் மனுப்போடலாம்.

‘அந்த டெக்னீஷியன் எங்கள் ஆள் இல்லை, ஏஜென்சி ஆள்’ என்ற பதில் இந்தத் தொழிற்பகுதிக்குப் புதிதில்லை. டயாலிசிஸ் பிரிவை வெளியாளிடம் விடும் வழக்கம் பெருகியிருக்கிறது. 2004இல் சவிதா கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம், மருத்துவர் நிரந்தர ஊழியரா ஒப்பந்தத்தில் வந்தவரா என்பது நோயாளியின் கவலையில்லை, மருத்துவமனையே பதில் சொல்ல வேண்டும் என்றது. ஒப்பந்தத் தொழிலாளியின் இ.எஸ்.ஐ. சந்தாவுக்கு முதன்மை முதலாளியே பொறுப்பு என்று 1948ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த நியாயமும் இதுவே. கையைக் கழுவாமல் குழாயைத் தொட்டது யார் என்று தேடுவதற்கு முன், கழுவ நேரமில்லாத அளவுக்கு ஒருவரிடம் எத்தனை கட்டில்களை ஒப்படைத்தார்கள் என்று கேட்க வேண்டும். வள்ளுவர் மருந்து அதிகாரத்தை முடிக்கும்போது நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிலிருந்து கவனிப்பவரையும் நான்காவது கூறாக எண்ணினார். கதீட்டரின் கதையில் அந்த நான்காமவரே அதிகம் தொடுபவர். குறைந்த சம்பளம் வாங்குபவரும் அவரே.

இனி நோயாளியின் பங்கு. ராமானுஜருக்குப் பின் வைணவம் வடகலை, தென்கலை எனப் பிரிந்தபோது, இறைவனிடம் சரணடைந்த உயிருக்கு ஏதாவது முயற்சி மிச்சமிருக்கிறதா என்பது பெரிய விவாதமாயிற்று. வடகலை குரங்குக் குட்டியைக் காட்டியது: தாய் தாவினாலும் குட்டிதான் பிடித்துக்கொள்ள வேண்டும். தென்கலை பூனைக் குட்டியைக் காட்டியது: தாய் கவ்விக்கொண்டு போகும், குட்டி சும்மா இருந்தால் போதும். டயாலிசிஸ் நோயாளி இரண்டுமாக இருக்கிறார். வாரம் மூன்று முறை, நான்கு மணி நேரம் வீதம், 12 மணி நேரம் அவர் பூனைக் குட்டி. கிளாம்ப் திறப்பது, மூடி கழற்றுவது, மருந்து நிரப்புவது எதிலும் அவருக்கு வேலையில்லை, தலையிடவும் கூடாது. வாரத்தின் மீதி 156 மணி நேரம் அவர் குரங்குக் குட்டி. டிரெஸ்ஸிங் நனையாமல் குளிக்க வேண்டும். தூக்கத்தில் குழாய் இழுபடாமல் படுக்க வேண்டும். மூடி கழன்றால் உடனே கிளாம்பை இறுக்க வேண்டும். தவறினால் காற்று உள்ளே போகும், ரத்தம் வெளியே வரும். வேறு எந்த ஆஸ்பத்திரியிலும் அந்தக் குழாயில் டிரிப் போட விடக் கூடாது. காய்ச்சல் வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கி விழுங்காமல் அன்றைக்கே டயாலிசிஸ் பிரிவுக்குப் போக வேண்டும்.

இதில் தவறியவரைப் பார்த்து ‘உங்கள் தப்புதான்’ என்பதற்கு முன் ஒரு சோதனை உண்டு: அவருக்குச் சொல்லப்பட்டதா? பிடித்துக்கொள்ளக் கற்றுத்தராமல் குட்டி விழுந்துவிட்டது என்று தாய் சொல்ல முடியாது. சொல்லியும், அறைத் தோழர்கள் ஐவரோடு ஒரே குளியலறையைப் பங்கிட்டுக்கொண்டு, இரவு ஷிஃப்ட் முடித்து வியர்வையோடு படுப்பவரால் அதைச் செய்ய முடிந்ததா என்பது அடுத்த சோதனை. நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு இ.எஸ்.ஐ.யின் நீட்டித்த நோய்க்கால உதவிப் பட்டியலில் இருக்கிறது; ஊதியத்தில் 80 சதவீதம் கிடைக்கும். ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுத் தொடர் பணி வேண்டும். பதினோரு மாதத்துக்கொருமுறை கான்ட்ராக்டர் மாறும் இடத்தில் இந்த நிபந்தனை யாரை வெளியே நிறுத்தும் என்று சொல்லத் தேவையில்லை.

மிஞ்சுவது விதி. கிருமி ஏறி ஒருவர் இறந்தால் ‘தலையெழுத்து’ என்று குடும்பமே சொல்லிக்கொண்டு திரும்பிவிடுகிறது. நுகர்வோர் ஆணையம்வரை போவோர் மிகக் குறைவு. துக்கத்தைத் தாங்க அந்தச் சொல் உதவும், அதைப் பறிக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் ஆஸ்பத்திரி தன் தரப்பில் அதே சொல்லைச் சொல்லக் கூடாது. பராயத்தாதிகரணத்தின் வாதம் முழுவதும் இதற்கு எதிரானது. எல்லாம் இறைவன் கையில் என்று முழுமையாக நம்பிய ஒருவரே, முதல் முயற்சியின் பொறுப்பைச் செய்தவரிடமிருந்து எடுக்க மறுத்தார்.

நடைமுறையில் இவையெல்லாம் ஒரு தாளில் வந்து நிற்கின்றன. 2002ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளின்படி உள்நோயாளி ஆவணங்களை மூன்று ஆண்டு பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவருடைய பிரதிநிதியோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம். கழுத்தில் குழாயோடு வீடு திரும்புகிறவரும் கூட இருப்பவரும் டிஸ்சார்ஜ் சீட்டில் இரண்டு தேதிகளைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: கதீட்டர் போட்ட தேதி, எடுக்க வேண்டிய தேதி.